நிர்வாகப் பயிற்சிக்குப் பலன் உண்டா? அளப்பது எப்படி?

கேள்வி: எங்கள் சங்கத்தின் 24 விசைத்தறிக் கூடங்களுக்கு ஆலோசகர் ஒருவரை வைத்து ஆறு மாதம் நிர்வாகப் பயிற்சி தரப்போகிறோம். பலனை அறிய, கடைசியில் கருத்துப் படிவம் வாங்கினால் போதுமா?
- சங்கச் செயலாளர், சோமனூர்

பதில்: போதாது. பயிற்சியாளர் நன்றாகப் பேசினாரா என்பதற்கு மேல் அந்தப் படிவம் எதுவும் சொல்லாது.

சீட்டுக் குலுக்கி 12 கூடங்களுக்கு இப்போதும், மீதி 12-க்கு ஆறு மாதம் கழித்தும் பயிற்சி கொடுங்கள். ஒரே முதலாளியின் இரண்டு கூடங்களை ஒரே சீட்டாகப் போடுங்கள். ஒன்றில் கற்றது மற்றதற்கும் பரவும். பிறகு வித்தியாசமே தெரியாது.

2008-ல் மும்பைக்கு அருகே தாராப்பூர், உம்பர்காவ் பகுதி நெசவாலைகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. 38 நிர்வாக நடைமுறைகள், ஒவ்வொன்றும் ஆலையில் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் குறித்தார்கள். ஐந்து மாத ஆலோசனை பெற்ற 14 ஆலைகளில், கடைப்பிடிக்கும் நடைமுறைகளின் பங்கு சுமார் 38 சதவீதப் புள்ளி ஏறியது. ஒரு மாதம் குறைகளை ஆராய்ந்து சொன்னதோடு விட்ட 6 ஆலைகளிலும் 12 புள்ளி ஏறியிருந்தது! அதைக் கழித்தால்தான் மீதி நான்கு மாதம் கூடவே இருந்ததன் பலன் தெரியும்.

நீங்களும் இதுபோல ஒரு நடைமுறைப் பட்டியல் வைத்து ஒவ்வொரு கூடத்துக்கும் மதிப்பெண் போடுங்கள். போடுபவர் ஆலோசகராக இருக்கவே கூடாது. எந்தக் கூடம் பயிற்சி பெற்றது என்பதும் அவருக்குத் தெரியக் கூடாது. "தறி நின்ற நேரத்தைக் குறிக்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "நேற்று இரண்டாம் ஷிஃப்டில் எந்தத் தறி நின்றது? ஏன்? எவ்வளவு நேரம்?" என்று கேட்டு, நோட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக் கணக்கு ஒரே பேனாவில், ஒரே ஓட்டத்தில் எழுதியிருந்தால் அது நேற்றிரவு நிரப்பியது, மதிப்பெண் கிடையாது.

லாபத்தை மட்டும் நம்பாதீர்கள். 24 கூடம் சின்ன எண்ணிக்கை. நூல் விலை ஏறி இறங்கினாலே கணக்கு புரண்டுவிடும். துணிப் பழுது, தறி நின்ற மணி, நூல் இருப்பு ஆகிய மூன்றையும் இரு அணிகளிலும் வாராவாரம் எடுங்கள். பயிற்சிக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

இரண்டு ஆண்டு கழித்து மறுபடி அளக்கவும் இப்போதே பணம் ஒதுக்குங்கள். மும்பை ஆலைகளுக்கு 2017-ல் திரும்பிப் போனபோது, புதிதாகப் பழகிய நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. மேலாளர் மாறியது ஒரு காரணம். முதலாளிக்கு நேரமில்லாதது இன்னொன்று. அதனால் மறு அளவீட்டில், பயிற்சி பெற்ற மேஸ்திரி இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்பதையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.