மண்ணுக்குள் உருண்ட கற்கள்

அன்புள்ள ஐயா,

செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன் நான். இப்போது கலிஃபோர்னியாவில் வேலை. சென்ற மே மாதம் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குப் போனேன். அந்த விநோத மரக்காட்டுக்கு நடுவே காற்று செதுக்கிய பாறைகளைக் கண்டு கண் கலங்கிவிட்டது. கொண்டுபோன ஒரு பாட்டில் தண்ணீர் தீர்ந்ததால் ஆர்ச் ராக் என்ற வளைவுப் பாறை வரை போகாமல் திரும்பினோம். ஊரில் வாசலில் நின்றாலே இதே பாறைகள் தெரியும், ஒருநாளும் ஏறியதில்லை. இங்கே 30 டாலர் நுழைவுக் கட்டணம் கொடுத்துப் பார்க்கிறேன். இது போலித்தனம் இல்லையா? இப்படி நடக்க எந்தக் காலணி நல்லது?

ர.

அன்புள்ள ர.,

நால்வருக்கு ஒரு பாட்டிலா? மே மாதத்தில், பாலைவனத்தில், பிள்ளைகளோடு! ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், அதாவது ஏறக்குறைய 4 லிட்டர் என்று பூங்காவே சொல்கிறது. உள்ளே பெரும்பகுதியில் குடிநீர் கிடையாது. கண் கலங்குவதற்கு முன் தண்ணீரை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். திரும்பியது ஒன்றுதான் அன்று நீங்கள் செய்த புத்தியான காரியம்.

போலித்தனம் ஒன்றும் இல்லை. வீட்டு வாசலில் இருப்பதை யார் பார்க்கிறார்கள்? விடுங்கள். அந்த மரங்களும் நம் ரயில் கற்றாழைக்கு உறவு; அதை இன்னொரு நாள் பேசலாம்.

எனக்குப் பொறுக்காதது 'காற்று செதுக்கிய' என்பதுதான். அந்தப் பாறைகளை உருட்டியதில் காற்றின் பங்கு மிகச் சொற்பம். உருட்டியது தண்ணீர், அதுவும் மண்ணுக்குக் கீழே, இருட்டில். பத்து கோடி ஆண்டுகளுக்கும் முன் பூமிக்கடியில் பாறைக்குழம்பு உறைந்து உண்டான மான்சோகிரானைட் என்ற கருங்கல் வகை அது. மேலிருந்த சுமை குறையக் குறையக் கிடையாகவும் நெடுக்காகவும் வெடித்துக் கட்டங்கட்டமானது. ஈரம் மிகுந்திருந்த அந்தக் காலத்தில் வெடிப்புகளில் நீர் இறங்கி, கல்லின் மணிகளைப் பிரித்தது. கட்டத்தின் மூலையை நீர் மூன்று பக்கமும் தின்னும், விளிம்பை இரண்டு பக்கம், முகத்தை ஒரே பக்கம். கற்கண்டை வாயில் போட்டால் முதலில் மழுங்குவது முனைகள்தானே? பிறகு நிலம் வறண்டது. செடிகொடி குறைந்த நிலத்தில் திடீர் வெள்ளங்கள் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போக, உள்ளே உருண்டிருந்தவை வெளியே நின்றன. நீங்கள் படம் எடுத்திருப்பீர்களே, ஸ்கல் ராக் என்ற மண்டையோட்டுப் பாறை? அதன் கண்குழிகள்கூட மழைநீர் தேங்கித் தேங்கித் தோண்டியவை. உங்கள் காலடியில் நறநறத்த பருமணல் அந்தப் பாறைகளிலிருந்து உதிர்ந்ததுதான்.

இதை எனக்குச் சொல்லித் தந்தது புத்தகம் அல்ல. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் கொல்லையில் கிணறு வெட்டினார்கள். சில ஆள் ஆழத்தில் உக்கிப்போன பாறை வந்தது. கடப்பாரைக்குப் புட்டு மாதிரி உதிர்ந்தது. அதற்குள் பலாச்சுளைக்குள் கொட்டை இருப்பதுபோல உருண்டை உருண்டையாகக் கருங்கற்கள். காற்றே புகாத இடத்தில் இவ்வளவு உருண்டை எப்படி என்று வாய் பிளந்து நின்றேன். வெட்டியவருக்கு அந்த வியப்பெல்லாம் இல்லை. ஒவ்வொரு உருண்டையும் அவருக்கு அரைநாள் கூலி நஷ்டம். "தம்பி, தள்ளி நில்" என்று அதட்டிவிட்டுச் சம்மட்டியால் தட்டி, காது வைத்துக் கேட்பார். ஒன்று மட்டும் எப்படி அடித்தும் பிளக்கவில்லை. ஆறு பேர் சேர்ந்து வடம் கட்டி மேலே இழுத்துப் போட்டார்கள். அதன் தலை கொஞ்சம் தட்டை. அம்மா கடைசிவரை அதன்மேல்தான் துணி துவைத்தாள். கிணறு தூர்ந்துபோய்விட்டது, கல் அங்கேயே கிடக்கிறது.

காலணி கேட்டிருந்தீர்கள். வழுக்காத எதுவானாலும் சரி. அடுத்த முறை டிசம்பரில் போங்கள்.