எழுதியவரே பதிப்பிக்கும்போது: வாசகர் கேள்விகள்

தம் நூலைத் தாமே வெளியிட விரும்புவோரிடமிருந்து வந்த கடிதங்களில், ஒரே கவலையைச் சொல்பவற்றை ஒன்றாக இணைத்தும் நீண்டவற்றைச் சுருக்கியும் இங்கே பதில் அளித்துள்ளோம்.

கேள்வி: பல ஆண்டுகள் உழைத்து ஒரு நாவலை முடித்துச் சில பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். சில மறுத்துவிட்டன, சில பதிலே எழுதவில்லை. இனி நானே வெளியிடலாம் என்றிருக்கிறேன். "யாரும் ஏற்காததால் தானே போட்டுக்கொண்டார்" என்று பேசமாட்டார்களா?

பதில்: பேசுவார்கள். ஆனால் அப்படிப் பேசுவோர் பெரும்பாலும் எழுத்துலகைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள்; நூலை விலை கொடுத்து வாங்கும் வாசகர் பதிப்பகத்தின் பெயரைப் பார்ப்பது அரிது. அட்டையையும் பின்னட்டை வாசகத்தையும் முதல் சில பக்கங்களையும் பார்த்துத்தான் அவர் முடிவெடுக்கிறார். ஒரு காலத்தில் சுயபதிப்பு என்றால், அச்சகத்துக்கு முன்பணம் கட்டி, வந்திறங்கிய கட்டுகளை வீட்டில் அடுக்கிவைத்து, கடை கடையாக ஏறி இறங்குவதாக இருந்தது. 2007 நவம்பரில் கிண்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவியை அறிமுகம் செய்த அமேசான், எழுத்தாளரே மின்னூலை ஏற்றும் வசதியையும் உடன் திறந்தது. கேட்பு வந்த பிறகு ஒவ்வொரு பிரதியாக அச்சிட்டு அனுப்பும் 'பிரிண்ட் ஆன் டிமாண்ட்' முறையும் பரவியதால், கிடங்கின் தேவையும் விற்காத பிரதிகளின் சுமையும் பெருமளவு நீங்கிவிட்டன.

உங்களைக் கவலைப்படுத்த வேண்டியது ஊர்ப் பேச்சு அன்று. அந்த மறுப்புகளுக்கு என்ன காரணம் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான். அவர்களுடைய அவ்வாண்டுப் பட்டியல் நிறைந்திருக்கலாம். அந்த வகை நாவலை விற்கும் வழி அவர்களிடம் இல்லாதிருக்கலாம். கைப்பிரதியே இன்னும் பக்குவப்படாமலும் இருக்கலாம். உறவினரோ நண்பரோ அல்லாத, இவ்வகை நாவல்களை விரும்பி வாசிக்கும் ஐந்தாறு பேரிடம் கொடுத்து, "பிடித்திருந்ததா?" என்று கேட்காமல், "எந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி எழுந்து போனீர்கள்?" என்று கேளுங்கள். மூவர் ஒரே அத்தியாயத்தைக் காட்டினால், வெளியீட்டைத் தள்ளிவைத்து அந்த அத்தியாயத்துக்குத் திரும்புங்கள்.

கேள்வி: ஒரு நிறுவனம் என் கவிதைத் தொகுப்பைப் பெரிதும் பாராட்டி, அதை வெளியிட என்னிடமே ஒரு தொகையைக் கேட்கிறது. அட்டை, அச்சு, விளம்பரம், பதிப்புரிமை பெற்றுத் தருதல் எல்லாம் அதில் அடங்குமாம். நூலின் உரிமை "பதிப்புரிமைக் காலம் முழுவதும்" அவர்களுக்கே என்று ஒப்பந்தத்தில் உள்ளது. இதுவும் சுயபதிப்புதானா?

பதில்: இல்லை. கையெழுத்திட வேண்டாம்.

பதிப்பகம் என்பது தன் பணத்தைப் போட்டு, நட்டம் வந்தால் தானே தாங்கி, அதற்கு ஈடாக உரிமையில் பங்கு பெறும் அமைப்பு. பதிப்புச் சேவை நிறுவனம் என்பது கூலி பெற்று வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, உரிமையைத் தொடாமல் விலகும் அமைப்பு. இவ்விரண்டுமே நேர்மையான தொழில்கள். செலவு உங்களுடையது, உரிமை தங்களுடையது என்று கேட்பவர்கள் இவ்விரண்டிலும் சேராதவர்கள். இவர்களுக்கு 'வேனிட்டி பிரஸ்' என்ற பெயர் நெடுங்காலமாகவே உண்டு. அவர்களுடைய வருமானம் வாசகரிடமிருந்து வருவதில்லை, எழுத்தாளரிடமிருந்து வருகிறது; ஆகவே நூல் விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான். பாராட்டுக் கடிதம் அவ்வளவு தாராளமாக வருவதற்கும் அதுவே காரணம்.

பதிப்புரிமை பெற்றுத் தருவதாகச் சொல்வதைச் சற்று உற்றுப் பாருங்கள். 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில், அதாவது உலகின் மிகப் பெரும்பாலான நாடுகளில், படைப்புக்கான பதிப்புரிமை எந்தப் பதிவும் இன்றி எழுத்தாளருக்கு உரியதாகிவிடுகிறது. வழக்கு என்று வரும்போது பதிவுச் சான்று சில நாடுகளில் பெரிதும் உதவும். ஆனால் உரிமையே அதனால்தான் பிறக்கிறது என்பது உண்மையன்று. அவ்வுரிமை எழுத்தாளரின் வாழ்நாளுக்குப் பின்னும் குறைந்தது 50 ஆண்டுகள் நீடிக்கும். பல நாடுகளில் அது 70 ஆண்டுகள். "பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்ற மூன்று சொற்களுக்கு அவ்வளவு நீளம் உண்டு.

எந்த ஒப்பந்தமானாலும் உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த வடிவங்களுக்கு என்பவை தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். அச்சுநூல், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை ஆகியவற்றை ஒரே வரியில் அள்ளிக் கொடுத்துவிடக் கூடாது. "நூல் அச்சில் இல்லாமற்போனால் உரிமை எழுத்தாளரிடம் திரும்பும்" என்ற பழைய விதியை மட்டும் நம்புவதும் போதாது. கேட்டவுடன் அச்சிடும் முறையில் எந்த நூலும் அச்சில் இல்லாமற்போவதே இல்லை. ஓராண்டில் இத்தனை பிரதிகளுக்குக் கீழே விற்பனை குறைந்தால் உரிமை திரும்ப வேண்டும் என்று எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள். ஏமாற்று நிறுவனங்களைப் பற்றி எழுத்தாளர்களை எச்சரிப்பதற்கென்றே 'ரைட்டர் பிவேர்' என்ற அமைப்பு 1998 முதல் இயங்கிவருகிறது. பணம் கட்டும் முன் நிறுவனத்தின் பெயரை அங்கே தேடிப் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

கேள்வி: மின்னூலுக்கு எப்படி விலை வைப்பது? புதியவர் என்பதால் மிகக் குறைவாக வைத்தால் நிறைய விற்கும் என்கிறார்கள். அமேசானுக்கு மட்டும் கொடுப்பதா, எல்லாத் தளங்களிலும் வெளியிடுவதா என்ற குழப்பமும் இருக்கிறது.

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். எழுத்தாளரே நூலை ஏற்றி விற்பதற்கான அமேசானின் கேடிபி (கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்) தளத்தில் மின்னூலுக்கு 35 விழுக்காடு, 70 விழுக்காடு என இரண்டு ராயல்டி விகிதங்கள், அதாவது விற்பனையில் எழுத்தாளருக்குக் கிடைக்கும் பங்குகள், உள்ளன. அமெரிக்கச் சந்தையில் 70 விழுக்காடு பெறுவதற்கு விலை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையே இருக்க வேண்டும். 1.99 டாலர் விலை வைத்தால் பிரதிக்கு ஏறத்தாழ 70 சென்ட் கிடைக்கும், 4.99 டாலர் வைத்தால் ஏறத்தாழ மூன்றரை டாலர் கிடைக்கும். விலை இரண்டரை மடங்குதான், வருவாயோ ஐந்து மடங்கு. மலிவு விலையில் ஐந்து மடங்கு வாசகர் கிடைப்பார்கள் என்ற உறுதி இருந்தாலன்றி அந்த விலை நட்டமே. தொடர்நாவலின் முதல் பாகத்தை மலிவாகவோ இலவசமாகவோ தந்து அடுத்தடுத்த பாகங்களுக்கு முழு விலை வைப்பது வேறு. அங்கே இழப்பை ஈடுகட்ட அடுத்த நூல் இருக்கிறது. ஒரே ஒரு நூலை வைத்திருப்பவருக்கு அப்படி எதுவும் இல்லை.

70 விழுக்காட்டு முறையில் கோப்பின் அளவுக்கேற்பப் பதிவிறக்கக் கட்டணமும் கழிக்கப்படும். அமெரிக்கச் சந்தையில் அது மெகாபைட்டுக்கு 15 சென்ட். வெறும் எழுத்தாலான நாவலில் இதை உணரவே மாட்டீர்கள். ஆனால் படங்கள் நிறைந்த பத்து மெகாபைட் நூலில் பிரதியின் விலையில் ஒன்றரை டாலர் கழிந்த பிறகே 70 விழுக்காடு கணக்கிடப்படும். அத்தகைய நூலுக்குப் படங்களைச் சுருக்குங்கள், அல்லது 35 விழுக்காட்டு முறையே இலாபமா என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

அடுத்து, ஒரே தளமா பல தளங்களா என்பது. கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த மின்னூலை வேறு எங்கும், உங்கள் சொந்தத் தளத்தில்கூட, வெளியிட முடியாது. காலம் முடியும்போது நீங்கள் நிறுத்தாவிட்டால் தானாகவே புதுப்பிக்கப்படும். அச்சுநூலுக்கு இந்தத் தடை இல்லை. ஈடாக, சந்தா வாசகர்களுக்கான கிண்டில் அன்லிமிடெட் சேவையில் நூல் இடம்பெறும். 2015 ஜூலை முதல் அதில் வாசிக்கப்பட்ட பக்கங்களின் அடிப்படையில் பணம் தருகிறார்கள். ஆகவே விறுவிறுப்பாக இறுதிவரை இழுத்துச் செல்லும் நீண்ட கதைகளுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது, கவிதைக்கும் குறுங்கட்டுரைக்கும் அவ்வளவாகப் பொருந்துவதில்லை. சில நாடுகளின் விற்பனைக்கு, இத்திட்டத்தில் சேர்ந்தால்தான் 70 விழுக்காடே கிடைக்கும் என்ற நிபந்தனையும் உண்டு.

என் சாய்வைக் கேட்டால், முதல் நூலை ஒரு 90 நாள் சுற்றுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, நூல்கள் மூன்று நான்கு சேர்ந்த பிறகு கோபோ, ஆப்பிள் புக்ஸ், கூகுள் பிளே புக்ஸ் என்று பரவுவதே பொருத்தம். முழு வருமானமும் ஒரே நிறுவனத்தின் விதிமாற்றத்தைச் சார்ந்திருக்கும் நிலையில் ஒருவர் நீண்டகாலம் நிம்மதியாக எழுத முடியும் என்று நான் நினைக்கவில்லை. இங்கே சொன்ன விகிதங்களையும் நிபந்தனைகளையும் தளங்கள் அவ்வப்போது மாற்றுவதுண்டு; வெளியிடும் நாளில் அவர்களுடைய உதவிப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

கேள்வி: நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தளமே இலவசமாகத் தருகிறதே, தனியாக எதற்கு வாங்க வேண்டும்?

பதில்: இலவசமாகத் தரப்படும் எண் பொதுவாக அந்தத் தளத்துக்குள் மட்டுமே செல்லும், வேறு அச்சு நிறுவனத்திடம் போகும்போது புதிய எண் வேண்டும். நூலின் பதிப்பாளர் என்ற பதிவும் உங்கள் பெயரில் இராது. சில நாடுகளில் அரசே இவ்வெண்ணை இலவசமாக வழங்குகிறது, சிலவற்றில் கட்டணம் உண்டு. அச்சுப் பதிப்பு, மின்னூல், ஒலிநூல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் தேவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: புனைபெயரில் வெளியிடலாமா?

பதில்: தாராளமாக. ராயல்டி பெறும் கணக்கும் வரித் தகவல்களும் மட்டும் உண்மைப் பெயரில் இருக்க வேண்டும். அவை வாசகருக்குத் தெரிவதில்லை.

கேள்வி: நான் மொழியாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் நூலுக்குத் தனியே ஒரு எடிட்டர் தேவையா? செயற்கை நுண்ணறிவைக் கொண்டே அட்டையையும் பிழைதிருத்தத்தையும் முடித்துவிடலாமே?

பதில்: உங்கள் இலக்கணப் புலமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தாம் எழுதியதை வாசிக்கும்போது, தாளில் இல்லாததையும் மனம் நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் அனுபவம் மிக்க எழுத்தாளர்களும் எடிட்டரை நாடுகிறார்கள். கதையின் கட்டமைப்பையும் வேகத்தையும் பார்ப்பது ஒரு வேலை, வாக்கியங்களைச் செம்மையாக்குவது இன்னொன்று, மெய்ப்புத் திருத்துவது மூன்றாவது. கையிருப்பு குறைவாக இருந்தால் முதல் வேலைக்குச் செலவிடுங்கள். கடைசி வேலைக்கு உங்களைப் போன்ற இன்னொரு ஆசிரிய நண்பர் போதும், அவருடைய நூலுக்கு நீங்கள் மெய்ப்புப் பார்த்துக் கொடுங்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பொறுத்தவரை, 2023 முதல் கேடிபி தளத்தில் ஒரு விதி இருக்கிறது: உரை, படம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றை அது உருவாக்கியிருந்தால் வெளியிடும்போது தளத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்களே எழுதியதைச் சரிபார்க்க அதன் உதவியைப் பெற்றிருந்தால் தெரிவிக்கத் தேவையில்லை. கருவி செய்த அட்டைக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடைக்குமா என்பது நாட்டுக்கு நாடு மாறுபடும் என்பதால், நான் அட்டையை ஒரு வடிவமைப்பாளரிடம் கொடுத்து, அதன் மூலக்கோப்பையும் பயன்பாட்டு உரிமையையும் எழுத்தில் பெற்றுக்கொள்வேன்.

கேள்வி: இரண்டு நூல்கள் வெளியிட்டுவிட்டேன், சென்ற சில மாதங்களாக ஓரளவு பணம் வருகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளராகிவிடலாமா?

பதில்: இன்னும் வேண்டாம். புதிய நூல் வெளியானதும் விற்பனை உயர்ந்து பிறகு சரிவது இயல்பு. உங்களுடைய நல்ல மாதங்கள் அந்த உயர்வைச் சேர்ந்தவையாக இருக்கலாம். புதிய நூல் எதையும் வெளியிடாத ஓராண்டில் பழைய நூல்கள் மட்டும் எவ்வளவு ஈட்டுகின்றன என்பதைப் பாருங்கள். நம்பத்தக்க எண் அதுதான். எழுத்தை வைத்து வாழும் சுயபதிப்பாளர்களில் பெரும்பாலோர் ஒரே நூலால் அல்லாமல், தலைப்புகள் சேரச் சேர ஒன்று மற்றொன்றை விற்கும் நிலையை அடைந்தே அங்கு வந்திருக்கிறார்கள்.

பணம் கைக்கு வரும் காலத்தையும் கணக்கிடுங்கள். கேடிபி ஒரு மாத விற்பனைக்கான தொகையை அம்மாத முடிவிலிருந்து சுமார் 60 நாள்கள் கழித்தே அனுப்புகிறது. அதிலிருந்து வரி, அடுத்த நூலின் எடிட்டர் கூலி, அட்டைச் செலவு, விளம்பரம் ஆகியவற்றைக் கழித்து மீதியை மட்டும் வருமானம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த மீதி தொடர்ந்து வீட்டுச் செலவைத் தாங்கி, ஓராண்டுக்கான சேமிப்பும் இருந்தால், அப்போது வேலை நாள்களைக் குறைக்க முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நூலுக்கு மதிப்புரைகளே வரவில்லை. பணம் கொடுத்தால் ஐம்பது மதிப்புரைகள் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். உறவினர்களைக் கொண்டு எழுதவைக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: இரண்டும் வேண்டாம். விலைக்கு வாங்கிய மதிப்புரைகளையும் குடும்பத்தினர் எழுதுபவற்றையும் அமேசானின் விதிகள் தடைசெய்கின்றன. கண்டறிந்தால் மதிப்புரையை நீக்குவதோடு கணக்கையே முடக்கவும் அவர்களால் இயலும். வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பே அவ்வகை நூல்களை வாசிப்போருக்கு இலவசப் பிரதி அனுப்பி, விரும்பினால் மனதில் பட்டதை எழுதும்படி கேட்பது ஏற்கப்பட்ட வழி. நல்லதாக எழுத வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இருக்கக் கூடாது.

அதைவிடப் பயன் தருவது, நூலின் கடைசிப் பக்கத்தில், கதை முடிந்த அதே இடத்தில், உங்கள் மின்னஞ்சல் பட்டியலில் சேர ஓர் அழைப்பு வைப்பது. உங்கள் நூலை யார் வாங்கினார்கள் என்பதை விற்பனைத் தளம் உங்களிடம் சொல்லாது. சமூக ஊடகத்தில் உங்களைப் பின்தொடர்வோரில் எத்தனை பேருக்கு உங்கள் பதிவு போய்ச் சேர வேண்டும் என்பதையும் அந்த நிறுவனமே தீர்மானிக்கிறது. இறுதிவரை வாசித்து, தாமாகவே முகவரி கொடுத்த முந்நூறு பேரின் பட்டியல் உங்களுடையது. தளத்தை மாற்றினாலும் அதைக் கூடவே எடுத்துச் செல்லலாம். சேர்வோருக்கு வெளிவராத ஒரு சிறுகதையைக் கொடுங்கள். மடல் மாதம் ஒன்று போதும். ஒப்புதல் தராதவர்களின் முகவரியைச் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு மடலின் அடியிலும் பட்டியலிலிருந்து விலகும் இணைப்பு இருக்கட்டும், பல நாடுகளில் அது சட்டப்படி கட்டாயம்.