வயல் எலிதானே இயற்கை உணவு?

கேள்வி: பால் பைத்தான் (ball python) என்ற பாம்பு வளர்க்கிறேன், வயது ஒன்றரை, எடை 600 கிராம். ஃபிரீசரில் வைத்த எலி வெறும் செத்த இறைச்சி, அதைவிட எங்கள் தோட்டத்தில் பொறியில் விழும் எலியை உயிரோடு விடுவதுதான் இயற்கை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விடலாமா? (கோவை வாசகர்)

பதில்: விடாதீர்கள். உங்கள் நண்பர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் இந்த ஒரு யோசனையால் பாம்பையே இழக்க நேரலாம்.

தோட்டத்து எலி எங்கே எதைத் தின்றுவிட்டு வந்தது என்று யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டில் வைத்த புரோமாடியோலோன் எலிமருந்தைத் தின்ற எலி அன்றைக்கே சாகாது. ரத்தம் உறையாமல் போய் அது விழுவதற்குச் சில நாட்கள் ஆகும், அதுவரை ஓடிக்கொண்டுதான் இருக்கும், உங்கள் பொறியிலும் விழும். அந்த விஷம் எலியின் ஈரலில் தங்கி நிற்கும், பாம்போ எலியை ஈரலோடு சேர்த்து முழுதாக விழுங்குகிறது. இது போக உண்ணி, குடற்புழு என்று எலி கொண்டு வருபவை வேறு. அந்த எலியைக் கையாளும் உங்களுக்கும் எலிக்காய்ச்சல் வரலாம்.

அடுத்தது, உயிரோடு விடுவது. காட்டில் பாம்பு பதுங்கியிருந்து தனக்குத் தோதான நேரத்தில் பிடிக்கிறது, பசி இல்லையென்றால் விலகிப் போய்விடுகிறது, எலியும் தப்பி ஓட இடம் இருக்கிறது. மூன்றடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டுக்கும் போக்கிடம் இல்லை. பசிக்காத பால் பைத்தான் எலியைக் கண்டும் காணாமல் சுருண்டு கிடக்கும், எலி அதன் முதுகைக் கொறிக்கத் தொடங்கினாலும் பல சமயம் எதிர்ப்பதில்லை. எலும்பு தெரிகிற அளவுக்குக் கடிபட்ட பாம்புகள் உண்டு. இதை இயற்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வளைகளில் வாழும் இந்தப் பாம்புக்கு இயற்கை உணவு என்பது ஒரு முழு விலங்கு. எலும்பில் கால்சியம், ஈரலில் வைட்டமின் ஏ, குடல், தோல், ரோமம் எல்லாம் சேர்ந்துதான் அதன் சாப்பாடு. சுத்தமான இடத்தில் நல்ல தீனி போட்டு வளர்த்து உறைய வைத்த வெள்ளை எலியில் இவை அத்தனையும் இருக்கின்றன. கோழிக்கடையில் வாங்கிய நெஞ்சுக்கறித் துண்டில் இல்லை. அதையே தொடர்ந்து போட்டால் வயிறு நிறையும், உடம்பு தேறாது.

உங்கள் பாம்பின் எடைக்கு 40 முதல் 60 கிராம் எலி ஒன்று, பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை. தராசு இல்லாவிட்டால், பாம்பின் உடல் எங்கே அதிகப் பருமனோ அந்தப் பருமனுக்கு மேல் எலி போகக் கூடாது. முந்தின இரவே ஃபிரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஐஸ் முழுதும் விட்டதும் ஒரு பையில் போட்டு வெந்நீரில் முக்கி, கைக்கு நல்ல சூடு தெரியும்படி, ஏறக்குறைய 38 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். பாம்பின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணரக்கூடியவை, எலி சில்லென்றிருந்தால் அதற்கு அது இரையாகவே தெரியாமல் போகலாம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், ஓரம் வெந்து நடுவில் ஐஸாகவே நிற்கும். நீளமான இடுக்கியால் நீட்டுங்கள். சாப்பிட்டபின் இரண்டு நாள் தூக்காதீர்கள். பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி இல்லையென்றால் செரிக்காமல் கக்கிவிடும். கக்கினால் பத்து நாளாவது வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, அப்புறம் சிறிய எலியாகக் கொடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பால் பைத்தான் உள்ளது, அதனால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு போன்ற நம் ஊர்ப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: மகன் கார்ன் ஸ்னேக் என்ற பாம்பை வாங்கி வந்திருக்கிறான். எங்கள் வீட்டில் சைவம். எலியை ஃபிரிட்ஜில் வைக்க எனக்கு மனசே ஆகவில்லை. பால், முட்டை கொடுத்துப் பழக்க முடியாதா? (டொரொண்டோ வாசகி)

பதில்: முடியாது அம்மா. உங்கள் சங்கடம் புரிகிறது, ஆனால் பாம்புக்குச் சைவம் என்று ஒன்று கிடையாது.

புற்றுக்குப் பால் வார்த்தே வளர்ந்தவர்கள் நாம், அதனால் பாம்பு பால் குடிக்கும் என்பது மனசில் ஊறிக் கிடக்கிறது. பாம்பின் வயிறு பாலைச் செரிக்காது. நாகபஞ்சமி நாளில் பால் குடிக்கிற நாகங்கள், அதற்கு முன் பல நாள் தண்ணீரே காட்டப்படாமல் தாகத்தில் தவித்தவை. எதைக் காட்டினாலும் குடிக்கும், பின்பு நோயுற்றுச் சாகும். பால் பைத்தான் என்ற பெயரைப் பார்த்தும் சிலர் குழம்புகிறார்கள், அந்தப் பால் பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும் என்பதால் வந்த பெயர் அது. முட்டை மட்டுமே தின்னும் பாம்பு ஆப்பிரிக்காவில் உண்டு, கார்ன் ஸ்னேக் அந்த வகை இல்லை. எப்போதாவது ஒரு காடை முட்டை தின்னலாம், அதை வைத்து வாழ முடியாது.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் நீங்கள் நினைப்பது முழுக்கச் சரி. உறைய வைத்தாலும் சால்மொனெல்லா கிருமி சாவதில்லை. உறைந்த எலிகள் வழியாக மனிதர்களுக்கு அது பரவி 2014இல் அமெரிக்காவில் பலர் நோயுற்றார்கள். சின்னதாகத் தனி ஃபிரீசர் ஒன்றை மகன் அறையிலோ கராஜிலோ வைக்கச் சொல்லுங்கள். எலியைச் சமையலறைத் தொட்டியில் ஐஸ் விட வைக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் பாம்பையும் எலியையும் தொடவே விடாதீர்கள். இதெல்லாம் ஒத்துவராது என்றால் நன்றாக வளர்க்கக்கூடிய ஒருவரிடம் பாம்பைக் கொடுத்துவிடுங்கள். பட்டினி போட்டு வைத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: என் பால் பைத்தான் டிசம்பரிலிருந்து ஐந்து வாரமாக எதையும் தொடவில்லை. வாயைத் திறந்து ஊட்டலாமா? (ஊட்டி வாசகர்)

பதில்: ஊட்டாதீர்கள். குளிர் மாதங்களில் வளர்ந்த பால் பைத்தான்கள் வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். முதலில் பெட்டியின் வெப்பத்தைப் பாருங்கள், உங்கள் ஊர்க் குளிரில் அதுதான் காரணமாக இருக்கும். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தாலோ, மூச்சில் சீழ்க்கைச் சத்தம் கேட்டாலோ, வாயில் சளி தெரிந்தாலோ ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு போங்கள்.

கேள்வி: கார்ட்டர் பாம்புக்குத் தங்கமீன் கொடுக்கிறேன். மீன் அதற்கு இயற்கை உணவுதானே? (லண்டன் வாசகர்)

பதில்: மீன் சரி, தங்கமீன் சரியில்லை. அதில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் பாம்புக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். டிரவுட் அல்லது சால்மன் துண்டுகளுக்கு மாறுங்கள், மசாலாவோ உப்போ சேராததாக. அதோடு உறைந்த சுண்டெலிக் குட்டிகளையும் பழக்குங்கள். முதலில் முகர்ந்துவிட்டு விலகிப் போனால், குட்டியின் மேல் மீனைத் தடவி மணம் ஏற்றிக் கொடுங்கள், பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும்.