காரை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் பற்றரி பிழைக்குமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் ஆசிரியராக இருக்கிறேன். பாடசாலைக்கு மோட்டார் சைக்கிளில்தான் போய்வருகிறேன், கார் பெரும்பாலும் வீட்டில் நிற்கும். பற்றரி இறங்கிவிடக் கூடாது என்று தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பேன். அப்படியிருந்தும் போன பற்றரி பதினான்கு மாதம்தான் தாங்கியது. இந்த முறை பெரிதாக ஒன்றைப் போடச் சொல்கிறார் மெக்கானிக். வீட்டில் எமர்ஜென்சி லைட்டும் மாரி காலத்தில் கரண்ட் போகும்போது எரிவதில்லை. மகனின் பழைய போன் லாச்சிக்குள் கிடந்து ஊதிப்போய்விட்டது. எல்லாம் ஏன் இப்படிப் போகின்றன?

பதில்: பெரிய பற்றரி இப்போதைக்கு வேண்டாம். அதையும் இதே விதமாக வைத்திருந்தால் இன்னும் சில வாரம் கூடத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

கார் பற்றரிக்குள் இருப்பது ஈயத் தகடும் கந்தக அமிலமும். சார்ஜ் இறங்க இறங்கத் தகட்டின் மேல் ஈய சல்பேட் படியும். கையோடு சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துபோகும். அரைகுறைச் சார்ஜில் வாரக்கணக்காக நின்றால் படிவு இறுகிவிடும், பிறகு எந்தச் சார்ஜராலும் அதை முழுதாகக் கரைக்க முடியாது. ஓடி ஓடித் தேய்ந்த பற்றரியை விட இப்படி நின்று கெட்ட பற்றரிதான் நம் பகுதிக் கராஜ்களில் அதிகம் என்பது என் எண்ணம்.

கார் சும்மா நிற்கும்போதும் அலாரம், மணிக்கூடு, இயந்திரத்தின் கணினி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் எடுக்கும். 50 மில்லி அம்பியர் வரை எடுப்பது வழமை. அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி (பற்றரியின் கொள்ளளவையும் இதே அலகில்தான் சொல்வார்கள்). சின்னக் காரின் 35 அம்பியர் மணிப் பற்றரி ஒரு மாதத்தில் வெறுமையாகிவிடும்.

உங்கள் ஐந்து நிமிடம் அந்தச் செலவில் ஒரு பங்கை ஈடுகட்டும். பற்றரியை நிறைக்காது. மெதுவாகச் சுற்றும் எஞ்சினில், பற்றரிக்கு மின்சாரம் ஏற்றும் ஒல்டர்நேட்டர் தருவது குறைவு, அதிலும் ஏசியைப் போட்டுவிட்டால் மிஞ்சுவது சொற்பம். அதோடு, பற்றரியின் கடைசி இருபது வீதம் ஏறுவதற்கு மணிக்கணக்காகும். ஆகவே தினமும் ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஒரு நாளும் நிறையாது. ஈயப் பற்றரிக்கு ஆகாத நிலை அதுதான்.

இதற்கு மேல் நம் வெக்கை. கச்சான் வீசும் மாதங்களில் நிழலிலேயே 35 பாகையைத் தாண்டும், பொனட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் கொள்ளும் கணக்கு. ஓடிவந்த காரைத் தாழ்வான தகரக் கொட்டிலில் விடாமல் வேப்ப மர நிழலில் விட்டாலே நல்ல மாற்றம் தெரியும்.

சரி, முதலில் அளந்து பாருங்கள். ஒரு மல்டிமீட்டர் போதும். முந்தின இரவே பொனட்டின் பிடியை இழுத்து, மூடியை லேசாகத் திறந்தபடி விட்டு, காரைப் பூட்டிவிடுங்கள். காலையில் கதவைத் திறந்தால் உள் விளக்கு எரியும், கணினியும் விழித்துக்கொள்ளும், அளவு பிசகும். அதனால் கதவைத் தொடாமல் மீட்டரின் சிவப்புக் கம்பியைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் அன்றைக்கே சார்ஜரில் போட வேண்டும். அடுத்து ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு மீட்டரையே பாருங்கள். நிறைந்த பற்றரி அந்த ஓரிரு விநாடியில் 9.6க்குக் கீழே விழுந்தால் அதன் காலம் முடிகிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13.5ஐக் கூட எட்டவில்லை என்றால் ஒல்டர்நேட்டரையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். அந்த நிலையில் புதுப் பற்றரி வாங்குவது வீண் செலவு. 15ஐத் தாண்டினால் பற்றரித் தண்ணீர் கொதித்து வற்றும்.

இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கார் வாங்கிய பிறகு பூட்டிய அலாரம், டாஷ் கமரா, ரிவர்ஸ் கமரா ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கார் பூட்டி நிற்கும்போது எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அவரை அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லி அம்பியரை வெகுவாகத் தாண்டினால் குற்றம் பற்றரியில் இல்லை.

இனிமேல் தினமும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். வாரம் ஒருமுறை மட்டக்களப்புப் பக்கம் ஒரே ஓட்டமாகப் போய் வாருங்கள், அது பற்றரிக்கும் நல்லது, எஞ்சின் ஒயிலுக்கும் நல்லது. முடியாவிட்டால், நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் சார்ஜர் ஒன்றை வாங்கி வாரம் ஒருமுறை இரவு முழுக்கப் போடுங்கள். விடுமுறைக்கு வெளியூர் போவதானால் மைனஸ் கம்பியைக் கழற்றிவிடலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில்.

கடற்கரை ஊர் என்பதால் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும். கம்பியைக் கழற்றி, அப்பச்சோடாவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். நுரைத்து அடங்கும்வரை தேய்த்து, துடைத்து, காய்ந்த பிறகு பூட்டி, மேலே கிறீஸ் பூசிவிடுங்கள். கரைசல் மூடித் துளைகளுக்குள் போகக் கூடாது. தண்ணீர் ஊற்றும் வகைப் பற்றரி என்றால் கடையில் விற்கும் வடித்த தண்ணீர் மட்டும். வாவியோரக் கிணறுகளின் உவர்த் தண்ணீரில் உள்ள உப்பு தகட்டை அரித்துவிடும். அமிலம் வேண்டவே வேண்டாம், வற்றுவது தண்ணீர்தான்.

எமர்ஜென்சி லைட்டின் கதையும் பெரும்பாலும் இதேதான். பல லைட்டுகளுக்குள் சின்ன மூடிய ஈயப் பற்றரி இருக்கும். தை மாதம் அலுமாரிக்குள் வைத்து ஐப்பசியில் எடுத்தால் அது தானாகவே வெறுமையாகிக் கெட்டிருக்கும். மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் போதும். உள்ளே உள்ள பற்றரியைக் கடையில் மாற்றலாம், லைட்டை எறியத் தேவையில்லை.

போன் வேறு ரகம். லித்தியம் பற்றரிக்கு முழுதாக நிறைந்து சூட்டில் கிடப்பதும் ஆகாது, அடியோடு வெறுமையாகிக் கிடப்பதும் ஆகாது. பாவிக்காமல் வைக்கும் போனை ஏறக்குறைய பாதிச் சார்ஜில் நிறுத்தி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உங்கள் மகனின் ஊதிய போனை இனிச் சார்ஜில் போடவே கூடாது. அழுத்தவோ குத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். இப்போதே லாச்சியிலிருந்து எடுத்து, மணல் போட்ட தகர டின்னுக்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். பிறகு மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள், குப்பையோடு சேர்க்கவோ எரிக்கவோ வேண்டாம்.

அளந்து பார்த்து புதுப் பற்றரி தேவை என்றே தெரிந்தால், காருக்குச் சொன்ன அளவையே வாங்குங்கள். கடையில் தயாரிப்புத் திகதியைக் கேளுங்கள், அங்கேயே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். அலுமாரியில் மாதக்கணக்காக நின்று 12.4க்குக் கீழே இறங்கியதை எடுக்காதீர்கள். பழையதைக் கடையில் கொடுத்தால் ஈயத்துக்கு விலை கழிப்பார்கள்.