இரவில் மட்டும் டிவியில் வீடியோ நின்று நின்று ஓடினால்

வணக்கம். 100 எம்பிபிஎஸ் (Mbps, நொடிக்கு மெகாபிட்) இணைய இணைப்பு, கைபேசியில் வேகம் 90க்கு மேல் காட்டுகிறது, ஆனாலும் படுக்கையறை டிவியில் இரவு ஒன்பதுக்கு மேல் வீடியோ நின்று நின்று ஓடுகிறது என்கிறீர்கள். அதற்காகக் கூடுதல் பணம் கட்டிப் பெரிய திட்டத்துக்கு மாறிவிடாதீர்கள். 4கே வீடியோவுக்கே ஏறத்தாழ 15 முதல் 25 எம்பிபிஎஸ் போதும்.

ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று அளந்த வேகம் டிவியின் நிலையைச் சொல்லாது. சிக்கல் வரும் அதே நேரத்தில் மடிக்கணினியைக் கேபிள் மூலம் ரவுட்டரில் இணைத்து அளந்து பாருங்கள். அப்போதும் வேகம் சரிந்தால் பெரும்பாலும் கோளாறு வெளியே இருக்கிறது; அந்த அளவுகளோடு சேவை நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். சரியவில்லை என்றால் வைஃபையைப் பாருங்கள். டிவி வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம், ஆனால் சுவர்களைத் தாண்டும்போது அது வலுவிழக்கும். டிவிக்கே கேபிள் இழுக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை.

எனக்கு வலுவாக இருக்கும் சந்தேகம் வேறு. இரவில் சார்ஜில் போட்ட கைபேசிகள் புகைப்படங்களைத் தாமாகவே கிளவுடில் ஏற்றத் தொடங்கும். பதிவேற்றப் பாதை நிரம்பிவிட்டால், "வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு" என்று டிவி அனுப்பும் சிறு செய்திகளும் வரிசையில் காத்துக் கிடக்கும். பதிவிறக்க வேகம் மிச்சம் இருந்தும் வீடியோ திணறும். இன்றிரவு எல்லாக் கைபேசிகளிலும் அந்தத் தானியங்கிப் பதிவேற்றத்தை நிறுத்திப் பாருங்கள். சரியாகிவிட்டால், ரவுட்டர் அமைப்பில் இணையப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் கியூஓஎஸ் (QoS) அல்லது எஸ்கியூஎம் (SQM) வசதியைத் தேடி, பதிவேற்ற வரம்பை உங்கள் உண்மையான வேகத்தில் சுமார் 90 சதவீதமாக வையுங்கள்.