ரோசெஸ்டர் ஏன் விவாகரத்து வாங்கவில்லை?

வணக்கம். சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' நாவலில், நாயகன் ரோசெஸ்டர் தன் மனநோயாளி மனைவியை விவாகரத்து செய்துவிட்டு நாயகி ஜேனை மணந்திருக்கலாமே, இது கதையில் உள்ள ஓட்டை என்று செமினார் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

நாவல் வெளிவந்தது 1847இல். மறுமணத்துக்கு இடம்தரும் விவாகரத்து வேண்டுமென்றால் அன்று இங்கிலாந்தில் நாடாளுமன்றமே உங்களுக்கென்று தனிச் சட்டம் போட வேண்டும். பெரும் பணக்காரர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். நீதிமன்ற வழி 1857 சட்டத்தில் வந்தது. அதிலும் கணவனுக்கு மனைவியின் கள்ளத்தொடர்பு மட்டும் போதும். மனைவியோ அதோடு கொடுமை, கைவிடல் மாதிரி இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். மனநோயைக் காரணமாக ஏற்றது 1937இல்தான்.

ரோசெஸ்டரிடம் பணம் உண்டு, மனைவி ஒழுக்கம் தவறியவள் என்றும் சொல்கிறார். பிறகென்ன தடை? 27ஆம் அத்தியாயத்தில் அவரே சொல்லிவிடுகிறார்: அவளுக்குப் பைத்தியம் என்று மருத்துவர்கள் கண்டறிந்துவிட்டதால் சட்டப்படி விலக வழியில்லை. அந்தப் பகுதியை அப்படியே மேற்கோள் காட்டுங்கள்.

அப்புறம், சட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே மனைவி உள்ள ரோசெஸ்டரோடு வாழ மறுத்து ஜேன் விடியற்காலையில் அவர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள் பர்ஸில் 20 ஷில்லிங்தான். கோச் வண்டிக்காரர் கேட்டது 30. இருப்பதை வாங்கிக்கொண்டு, அந்தக் காசுக்கு உரிய தூரத்தில், ஆளில்லாத நாற்சந்தியில் அவளை இறக்கிவிடுகிறார். சட்டம் யார் தலையில் விடிந்தது என்பது எனக்கு உறைத்தது அந்த இடத்தில்தான். உங்கள் கட்டுரையை அங்கிருந்தே தொடங்கலாம்.