நுண்துளை அறுவை சிகிச்சையில் குழந்தையின் மூச்சுவழி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் நான்கு வயது மகனுக்கு லேப்ராஸ்கோபி (நுண்துளை அறுவை) மூலம் குடலிறக்கத்தைச் சரிசெய்ய இருக்கிறார்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தியே ஆக வேண்டுமா? தொண்டையில் பொருத்தும் குரல்வளை முகமூடி போதாதா?

பதில்: லேப்ராஸ்கோபியில் வயிற்றறைக்குள் கார்பன் டை ஆக்சைடை நிரப்புகிறார்கள். அது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது. அதனால் கூடுதல் அழுத்தத்தில் காற்றைச் செலுத்த வேண்டியிருக்கிறது. முகமூடியின் விளிம்பு அந்த அழுத்தத்தைத் தாங்காவிட்டால் காற்று கசியும், இரைப்பைக்குள்ளும் போகும். இரைப்பையில் உள்ளது மேலேறினால் நுரையீரலுக்குள் இறங்காமல் காப்பதிலும் குழாயே உறுதியானது. எனவே என் முதல் தெரிவு குழாய்தான். புரோசீல், ஐ-ஜெல் போன்ற, இரைப்பைக்குத் தனி வழியுள்ள இரண்டாம் தலைமுறைக் கருவிகளை, முறைப்படி பட்டினி இருந்த ஆரோக்கியமான குழந்தைக்குக் குறுகிய நேர அறுவையில் அனுபவமுள்ளவர்கள் பயன்படுத்துவதுண்டு, அதில் தவறில்லை. தேவைப்பட்டால் உடனே குழாய்க்கு மாறும் ஆயத்தம் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கேள்வி: மயக்கவியல் பயிற்சி மாணவி நான். எட்டு வயதுக்குக் கீழ் கஃப் (குழாயைச் சுற்றிக் காற்றூதிக் கசிவை அடைக்கும் சிறு பலூன்) இல்லாத குழாய்தான் பாதுகாப்பு என்று படித்தேன். இன்றும் அது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. லேப்ராஸ்கோபியில் கஃப் உள்ள குழாயே மேலானது; கசிவைத் தவிர்க்க ஒன்றன்பின் ஒன்றாகக் குழாய்களை மாற்றி அந்தச் சிறு குரல்வளையைப் புண்படுத்த நேராது. இரண்டு வயதுக்கு மேல், வயதை 4 ஆல் வகுத்து 3.5 கூட்டினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். நான்கு வயதுக்கு 4.5. கஃப்பின் அழுத்தத்தை விரலால் அழுத்திப் பார்த்து மதிப்பிடாதீர்கள். அழுத்தமானியால் அளந்து, 20 செ.மீ. நீர் அழுத்தத்தைத் தாண்டாமல் பாருங்கள். மயக்கத்துக்குத் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு கஃப்புக்குள் ஊடுருவி அழுத்தத்தை ஏற்றும் என்பதால், அது கொடுக்கப்பட்டால் அடிக்கடி அளக்க வேண்டும்.

கேள்வி: வயிற்றுக்குள் வாயு ஏற்றிய சில நிமிடங்களில் குழந்தையின் ஆக்சிஜன் அளவு சரிந்தது. குழாய் நகரவே இல்லை. காரணம் என்ன?

பதில்: குழாய் நகராமலேயே அதன் நுனி தவறான இடத்தில் இருந்திருக்கலாம். உதரவிதானம் உயரும்போது மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடமும் மேலே வருகிறது. தலையைத் தாழ்த்தினால் இன்னும் வரும். பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறக்குறைய 4 முதல் 5 செ.மீ. நீளமே என்பதால், சிறிது மாறினாலும் நுனி வலது கிளைக்குள் புகுந்து இடது நுரையீரலுக்குக் காற்று போகாது. வாயு ஏற்றிய பிறகும், படுக்கை நிலையை மாற்றும் ஒவ்வொரு முறையும், இரு பக்கமும் மூச்சொலியைக் கேளுங்கள். வேறு எந்தச் சோதனையையும்விட இதை நான் வற்புறுத்துவேன்.

கேள்வி: ஐ-ஜெல்லின் அளவை வயதை வைத்துத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: எடையை வைத்துத்தான். 5 முதல் 12 கிலோவுக்கு 1.5, 10 முதல் 25 கிலோவுக்கு 2. மிகச்சிறிய 1-ஆம் அளவில் இரைப்பை வழி இல்லாததால் லேப்ராஸ்கோபிக்கு அதை நான் எடுப்பதில்லை.

கேள்வி: மகளுக்குச் சளி பிடித்திருக்கிறது, அறுவையைத் தள்ளிப்போடலாமா?

பதில்: காத்திருக்கக்கூடிய அறுவையென்றால் இரண்டு வாரமாவது தள்ளிப்போடுவது நல்லது, சளியின்போது மூச்சுவழி எளிதில் இறுகிக்கொள்ளும். குடல்வால் அழற்சி போன்ற அவசரத்தில் காத்திருக்க முடியாது. அப்போது பட்டினி இருந்திருந்தாலும் இரைப்பை நிறைந்திருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பதால், முகமூடிக் கருவிக்கு அங்கே இடமில்லை. சளி, இருமல், ஆடும் பல் எதுவாயினும் மயக்க மருந்து மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.